கிட்டங்கியும் காதர்பேட்டையும்: அயல்மண்ணில் சிறுவணிகம் பற்றிச் சில குறிப்புகள்

கடல் கடந்த தமிழர் என்றதும் நம் மேடைகளில் முதலில் வந்து நிற்பது இராசேந்திர சோழனின் கப்பற்படைதான். 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைப் பேசி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். அந்தக் கடல்வழியில் அவனுக்கு முன்னும் பின்னும் மூட்டை முடிச்சுகளோடு போய்வந்த சிறுவணிகனைப் பற்றிப் பேச நேரம் இருப்பதில்லை. அவன் அயலூரில் இறங்கியதும் எதிர்கொண்ட கேள்விகள் மிக எளியவை. இரவு எங்கே படுப்பது? யார் சமைப்பது? கையிலுள்ள பணத்தை எங்கே வைப்பது? ஊரிலிருக்கும் முதலாளிக்குக் கணக்கை எப்படிக் காட்டுவது? வழக்கென்று வந்தால் யாரிடம் போவது? வணிக வரலாறு என்பது இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்திலும் மனிதர்கள் கண்ட விடைகளின் வரலாறே எனலாம்.

திருப்பூரில் வாழ்பவனுக்கு இது ஏட்டுப் பொருளன்று. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, வேறொரு நாட்டில் சிறு கிளையொன்று வைத்தால் என்ன என்ற பேச்சு இவ்வூரின் தேநீர்க் கடைகளிலும் கேட்டது. பத்து இருபது தையல் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் செய்பவர்கள்கூட அப்படிப் பேசினார்கள். வரிச்சலுகை எவ்வளவு, கூலி எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்பவையே பேச்சின் பொருள்களாக இருந்தன. தமிழ்ச் சிறுவணிகர் ஒருமுறை இதே வேலையைப் பெரிய அளவில், மிகுந்த திறமையோடு செய்து பார்த்திருக்கிறார்கள். அதன் முடிவு என்ன ஆயிற்று என்பதை யாரும் நினைவுகூரவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தாரின் அனுபவத்தையே குறிப்பிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய செய்தி. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பட்ட குளமொன்றை மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. சுமத்ராவின் பாருசு அருகே உள்ள லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டு கிடைத்துள்ளது. பர்மாவின் பகானில், நானாதேசி வணிகரின் பெயரால் வழங்கிய விண்ணகரம் ஒன்றுக்குக் குலசேகர நம்பி என்ற சேரநாட்டு வணிகர் மண்டபம் எடுத்ததைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அயல்மண்ணில் தமிழ் வணிகர் எழுதி வைத்தவை லாபக் கணக்குகள் அல்ல. குளமும் கோயிலும், அவற்றைக் காக்கும் பொறுப்புமே அங்கே கல்லில் நிற்கின்றன. தனி மனிதனாகப் போவதில்லை, குழுவாகப் போவது. போன இடத்தில் பொதுவான ஓர் இடத்தை முதலில் உண்டாக்கிக் கொள்வது. இந்த வழக்கம் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நகரத்தாரிடமும் இருந்தது.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களைச் சேர்ந்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் ஆட்சியைப் பின்தொடர்ந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றனர். 1852-இல் கீழ்ப்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி வடிநிலத்தின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல்வயல் 1930-களில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய உழவனுக்கு மாடும் விதையும் கூலியும் வாங்கப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர் செட்டியார். 1929-30-இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணித்தது. கீழ்ப்பர்மாவில் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில், எந்த உழவனும் ஒருநாள் பயணத்துக்குள் ஒரு செட்டியார் கடையை அடைய முடிந்தது.

மொத்தத் தொகை பெரிது. ஆனால் ஒவ்வொரு கடையும் சிறியது. ஒரு மேலாள், ஓர் அடுத்தாள், ஒரு பெட்டியடிப் பையன், ஒரு சமையல்காரர் இருந்தால் கடை நடந்துவிடும். அறைகலன் என்று சொல்லத்தக்கது சாய்வு மேசையும் மரப்பெட்டியும் மட்டுமே. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் இரங்கூனின் மொகல் தெருவிலும் இத்தகைய கடைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்திருந்தன. கிடங்கு என்ற சொல்லோடு உறவுடைய கிட்டங்கி என்ற பெயர் அத்தகைய கட்டடத்துக்கு வழங்கியது. பகலில் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். சமையல் பொதுவில் நடந்தது. வாடகையைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். பக்கத்துப் பெட்டிக்காரர் உறவினராகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருந்ததால், தெரியாத ஊரில் தெரியாத மனிதர்களிடையே இரவைக் கழிக்கும் அச்சம் இல்லை. ஒருவன் புதிய கடன்காரனுக்குப் பணம் கொடுக்குமுன், அவன் வேறு பெட்டிகளில் எவ்வளவு வாங்கியிருக்கிறான் என்பதைச் சாப்பாட்டுப் பந்தியிலேயே விசாரித்துவிடலாம். வீடு, அலுவலகம், உணவு விடுதி, காப்பகம், கடன் தகவல் நிலையம் ஆகிய ஐந்தையும் ஒரே கட்டடத்தில் அடக்கிய ஏற்பாடு அது. இதைவிடச் சிக்கனமான ஒன்றை இன்றைய மேலாண்மைப் பேராசிரியர்கள்கூட வரைந்து காட்டிவிட முடியுமா என்பது ஐயமே.

ஆள் தேர்வும் அதே கவனத்தோடு நடந்தது. எண்சுவடியைக் கரைத்துக் குடித்த சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகப் போனான். பிறகு அடுத்தாள், பிறகு மேலாள். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார். மேலாள் அவரிடம் முக்தியார் பத்திரம் பெற்றுக் கப்பலேறினார். பொதுவாக மூன்றாண்டுத் தவணை; சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படுமுன்பே கொடுக்கப்படும்; அங்கே உணவும் உறையுளும் கடைச் செலவு; நன்றாக நடத்தினால் லாபத்தில் ஒரு பங்கு. தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, சில காலம் இருந்துவிட்டு மறுபடியும் போகலாம். இத்தனை அதிகாரத்தைக் கடலுக்கு அப்பால் ஒருவரிடம் கொடுத்துவிட்டு முதலாளி நிம்மதியாக உறங்கியதற்குக் காரணம் பத்திரம் மட்டுமில்லை. ஏமாற்றியவனுக்குச் சமூகத்தில் பெண் கிடைக்காது, அடுத்த வேலை கிடைக்காது, கோயிலில் மரியாதை கிடைக்காது. நீதிமன்றத்தைவிட விரைவாகவும் செலவில்லாமலும் வேலை செய்த சட்டம் அது.

கணக்கு முறையைப் பற்றித் தனி நூலே எழுதலாம். அன்றாட வரவு செலவுக்குக் குறிப்பு, தலைப்புவாரியாகப் பேரேடு, முடிவில் ஐந்தொகை. பேரேடும் ஐந்தொகையும் இன்றும் நம் வணிகவியல் மாணவர்கள் பயன்படுத்தும் சொற்கள். அவை எத்தனை கடல்களைக் கடந்து வந்தவை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் இருந்தது. தமிழ் மாதந்தோறும் கோயிலில் கூடித் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். லாபத்தில் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்குப் போயிற்று. தகராறுகளும் அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. சிங்கப்பூரின் டேங்க் ரோட்டில் 1859-இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலைப் பக்திக் கண்ணோடு மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். வணிக சங்கமும் நடுவர் மன்றமும் கூடிய இடம் அது.

இந்த ஏற்பாட்டில் இல்லாதவர் ஒருவர் உண்டு, மனைவி. கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன் கொண்டுசெல்லும் வழக்கமில்லை என்று பொருள்கொள்ளத்தக்க நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உள்ளது. உரையாசிரியர்கள் அதற்குப் பலவாறு பொருள் கண்டார்கள். செட்டிநாட்டுப் பெண்கள் அதைப் பல தலைமுறை வாழ்ந்தே பார்த்துவிட்டார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. அந்தத் தேக்கில் எழுந்த அரண்மனை போன்ற வீட்டில், மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் கணவனை எதிர்நோக்கி அவர்கள் இருந்தார்கள். சம்பாதிக்கும் இடம் ஒன்று, வாழும் இடம் வேறொன்று என்ற பிரிவினை இங்கே முழுமையானது. வட்டிக்கடை வாழ்வை உள்ளிருந்து அறிய விரும்பும் வாசகர்கள் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரு நாவல்களையும் படிக்க வேண்டும். அவர் இளமையில் மெடானில் இருந்தவர். பெட்டியடியில் தொடங்கும் வாழ்க்கையின் மணமும் புழுக்கமும் தமிழில் அவ்வளவு உண்மையாக வேறெங்கும் பதிவாகவில்லை என்பது என் எண்ணம்.

இனி இந்த மாளிகை சரிந்த கதை. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவைத் தாக்கியது. நெல்விலை பாதியளவுக்கு வீழ்ந்தது. உழவனால் அசலையும் கட்ட முடியவில்லை, வட்டியையும் கட்ட முடியவில்லை. அடமானமாக இருந்த நிலங்கள் ஒவ்வொன்றாகச் செட்டியார் பெயருக்கு மாறின. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடு. 1938-இல் 25 விழுக்காடு. செட்டியார் நிலத்தை விரும்பவில்லை என்பதே உண்மை. அவர் தொழிலுக்குச் சுழலும் பணம் வேண்டும். சேற்றில் முடங்கிய பணத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் தாத்தா காடு வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனுக்கு அந்த நுட்பம் புரிய வேண்டிய தேவையில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்தது, மொழியும் உணவும் வேறான, தன் தெருவில் குடும்பத்தோடு வாழாத, மூன்றாண்டுக்கு ஒருமுறை முகம் மாறுகிற ஓர் அந்நியன் தன் நிலத்தைப் பிடித்துக்கொண்டான் என்பது மட்டுமே.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1938-இல் இந்தியருக்கு எதிரான கலவரம். 1939-இல் குத்தகைச் சட்டம், 1941-இல் நில மாற்றத் தடைச் சட்டம். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் இரங்கூன் மீது விழுந்தன. லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே தாயகம் நோக்கி வந்தார்கள். வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அந்த நடையின் சாட்சியம். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது. 1963, 1964 ஆண்டுகளில் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. மூன்று தலைமுறைப் பேரேடுகள் பழைய தாள்களாயின. வட்டிக்கடை முதலாளிகள் மட்டும் இழந்திருந்தால் அது ஒரு சாதியின் கதையாக முடிந்திருக்கும். மூட்டை தூக்கியவர், தேநீர்க் கடை வைத்தவர், தையல்காரர், நாவிதர் என எல்லாருமே சேர்ந்து கப்பலேற வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் வந்திறங்கிக் கடை விரித்த இடமே சென்னையின் பர்மா பஜார்.

இதை ஒரு சமூகத்தின் பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. விலைவீழ்ச்சியைச் செட்டியார் உண்டாக்கவில்லை. நிலத்தை அடமானப் பொருளாக்கிய சட்டம் பிரிட்டிஷாருடையது. அரிசி ஏற்றுமதியின் பெரும்பகுதி ஐரோப்பிய நிறுவனங்களின் கையில் இருந்தது. ஆனால் கண்ணுக்கெதிரே இருந்தவர் செட்டியார். தூரத்திலிருக்கும் எசமானனைவிடக் கண்முன் இருக்கும் அந்நியன்மீதே கோபம் முதலில் பாயும்.

நகரத்தாருடைய ஏற்பாட்டின் வலிமையும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பதே இந்த வரலாற்றில் நான் காணும் செய்தி. தங்குமிடம், உணவு, நம்பிக்கை, கணக்கு, கடன், நீதி ஆகிய அனைத்துக்கும் தங்களுக்குள்ளேயே விடை கண்டார்கள். அதனால் வெளியே எவரையும் சார்ந்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. தேவை இல்லாததால் உறவும் வளரவில்லை. கிட்டங்கி எல்லாவற்றுக்கும் வழி செய்தது. பக்கத்து வீட்டாரோடு பழகுவதற்கு மட்டும் வழி செய்யவில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போருக்குப் பின் குடும்பத்தை அழைத்துச் சென்று, பிள்ளைகளை அங்கே படிக்க வைத்து, குடியுரிமை பெற்று, வேறு தொழில்களுக்கு மாறியவர்கள் வேரூன்றினார்கள். கிட்டங்கிகள் மறைந்தன; மனிதர்கள் இருந்தார்கள். அங்கே அரசியல் வேறாக இருந்தது என்பது உண்மைதான். என்றாலும் தங்கத் துணிந்தவருக்கே அந்த அரசியல் பயன்பட்டது.

திருப்பூர் இதற்கு நேர்மாறான வழியில் வளர்ந்த ஊர். 1925-இல் இங்கே முதல் பனியன் கம்பெனி தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியன்தான். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வழியாக இங்கே வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது இவ்வூர் வழக்கம். 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. உலக ஆடை வணிகத்தைக் கட்டியிருந்த ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. உழவுக் குடும்பத்திலிருந்து வந்து தொழிலாளியாகி, பின் முதலாளியானவர்கள் தங்கள் உழைப்பையே முதலாகக் கருதியதை ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகப் பேசுகிறது. இவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டில் குடியிருந்து வணிகம் செய்தவர்கள் அல்லர். வாங்குபவரும் பையிங் ஏஜென்டும் இங்கே வந்தார்கள், எல்.சி.யும் தரச் சோதனைச் சான்றும் நம்பிக்கையின் வேலையைச் செய்தன. நகரத்தார் மனிதனைக் கடல் கடத்தினார்கள். திருப்பூர் சரக்கை மட்டும் கடத்தியது. ஆகவே அயலூரில் அந்நியனாக இருப்பது எப்படி என்ற கல்வி இவ்வூருக்கு வாய்க்கவில்லை.

ஆனால் அந்தக் கல்விக்கான பாடம் நம் ஊரிலேயே நடமாடுகிறது. காதர்பேட்டையின் மொத்த விற்பனைக் கடைகளில், நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து தங்கி, செகண்ட்ஸ் ஆடைகளையும் மிகுதிச் சரக்கையும் வாங்கித் தம் நாட்டுக்கு அனுப்பும் சிறுவணிகர்களைப் பல ஆண்டுகளாகக் காண்கிறோம். பெரிய நிறுவனங்கள் அவர்களுக்குப் பின்னால் இல்லை. சேர்ந்து வீடெடுக்கிறார்கள், பொதுவில் சமைக்கிறார்கள், ஊர்க்காரரின் சொல்லை நம்பிச் சரக்கெடுக்கிறார்கள். கிட்டங்கியை அறிந்தவனுக்கு இதில் வியப்பேதுமில்லை. வீட்டு உரிமையாளர் தயங்குகிறார். தங்க இடம் கொடுத்தால் அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நெடுநாள் தங்குபவர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விசாக் காலம் கடந்து தங்கியதாகக் கைதானவர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அவர்கள் நேரடியாக வணிகத்தில் இறங்குவது தம் பிழைப்பைக் கெடுக்கிறது என்று உள்ளூர் வணிகர் முறையிட்டதும் உண்டு. சட்டத்தை மீறுவது குற்றம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒருவர் இருவர் செய்த பிழையை அந்தத் தோல் நிறமுள்ள அனைவர்மீதும் ஏற்றிப் பேசும்போது, மொகல் தெருச் செட்டியாரைப் பற்றி இரங்கூன்காரன் பேசிய அதே வாக்கியங்களைத்தான் நாமும் பேசுகிறோம்.

அயல்நாட்டில் சிறு கிளை வைக்கப் போகும் நண்பர்களுக்கு வரலாறு சொல்லக்கூடியவை இவைதாம். கூலியையும் வரிச்சலுகையையும் கணக்கிடுமுன், அந்நாட்டில் நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கலாம், ஆட்சி மாறினால் முதலை மீட்க என்ன வழி என்று பாருங்கள். கையெழுத்து அதிகாரம் பெற்றவர் அங்கே எத்தனை ஆண்டு இருக்கப் போகிறார் என்பதை முடிவு செய்யுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் கணக்கு சுத்தமாக இருக்கும், உறவு வளராது. அந்த மண்ணின் மொழியைப் பேச ஒருவராவது கற்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அவர்களில் சிலரை மேலாளராக்க வேண்டும். முடிந்தால் குடும்பத்தோடு போக வேண்டும்; அங்குள்ள பள்ளியில் பிள்ளை படித்தால் அந்தத் தெரு நம் தெருவாகும். தகுவாபாவின் பழைய வணிகர்கள் ஒரு குளத்தைக் காத்தார்கள். தண்ணீர் எடுக்க வந்தவர்களில் உள்ளூர்க்காரரும் இருந்திருப்பார்கள்.

இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒருமுறை காதர்பேட்டைக்கும் போய்வரலாம். அங்கே வந்து தங்கியிருப்பவர் தமிழில் விலை பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வீடு கொடுக்க, அவர் சொல்லை நம்ப, அவர்மீது வீண்பழி விழும்போது நடந்ததைச் சொல்ல, இவ்வூரில் எத்தனை பேர் முன்வருவார்கள்? நாளை நம் பிள்ளைகள் கடை வைக்கப் போகும் ஊர்களில் அவர்களுக்காகப் பேச எத்தனை பேர் தேவைப்படுவார்களோ, அந்தக் கணக்கை இங்கிருந்தே போட்டுப் பார்க்கலாம்.